கம்பளிக்குள் ஒரு வால்வு

போன முகூர்த்தத்தில் கெங்குவார்பட்டியில் ஒரு கல்யாணம். ரேடியோ செட் வழக்கம் போல நான்தான். ஒலிபெருக்கிக் குழாயைப் புளியமரத்தில் கட்டிவிட்டு, ஆம்பிளிஃபையர் பெட்டியோடு பந்தல் மூலையில் ஒதுங்கினேன். கூட்டத்தைக் கண்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்... உங்களுக்குத் தெரியாததா!

அன்று பயம் வேறு. முன்பு இதே வீட்டு மூத்த பெண்ணுக்குத் தாலி கட்டும் நேரம் பார்த்துத்தான் என் குழாய் கரகரவென்று அழுது தொலைத்தது.

பெண்ணின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, மூத்தவ மாமியா வீட்டுல பால் திரிஞ்சாக்கூட அந்தக் குழா அழுததத்தேன் சொல்றாக. இவளுக்காவது அழுகாமப் பாத்துக்கங்க."

ஏன் அழுதது? பெட்டிக்குள் கண்ணாடி பல்பு மாதிரி எரியும் வால்வில் ஓடும் கரண்டுக்கு ஒரு நிதானம் உண்டு. சூடு ஏறினால் கரண்டு ஏறும். கரண்டு ஏறினால் இன்னும் சூடு! நிதானம் தப்பினால் குரல் கட்டிவிடும். நான்தான் அடிக்கடி திருகாணியைத் திருகிச் சரிசெய்வேன். மூத்தவள் கல்யாணத்தில் பெட்டியைச் சுற்றிப் பெண்கள் கூட்டம் — எப்படிப் போவேன்?

இந்தத் தடவை வால்வின் அடியில் 'கேத்தோடு' என்கிற கம்பிக் காலில், கரண்டைத் தடுக்கும் ஒரு ரெசிஸ்டன்ஸை ஈயம் வைத்து ஒட்டியிருந்தேன். கரண்டு கூடினால் அதில் வோல்ட்டும் கூடும். அந்த வோல்ட்டே வால்வை அடக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். திருக ஆள் வேண்டாம்.

காபி குடித்துவிட்டு வந்தால்... பெட்டியைக் காணோம்! அந்த இடத்தில் ஒரு கம்பளி மேடு. பக்கத்தில் பெண்ணின் அத்தை காவல்.

"உள்ள செக்கச்செவேல்னு எரியுது தம்பி. வந்தவுகல்லாம் அதையே பாக்குறாக. போன தடவ கண்ணு பட்டுத்தேன் அழுதுச்சு. அதான் மூடிட்டேன்."

"இல்லீங்க... காத்து..."

"காத்தா? இங்கன நல்லாத்தான வருது! உனக்குத்தேன் இப்பிடி வேர்க்குது. அங்கன போயி உக்காரு."

போய் உட்கார்ந்தேன். வேறென்ன செய்ய? கம்பளிக்குள் வால்வு வேகிறது, வெளியே நான் வேகிறேன். "கெட்டிமேளம்!" என்றார்கள். கண்ணை மூடிக்கொண்டேன்.

மேளமும் நாயனமும் குழாயில் பிசிறில்லாமல் ஊர் எல்லை வரை முழங்கின! கண்ணைத் திறந்தால், பெண்ணின் அப்பா குழாயைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

அத்தை என்னிடம் வந்தார். "பாத்தியா தம்பி? இனிமே எங்கன போனாலும் ஒரு கம்பளியக் கொண்டு போ."

"சரிங்க ஆத்தா."

சூடு ஏறும்போது தன்னைத்தானே அடக்கிக்கொள்வது எவ்வளவு பெரிய விஷயம்! சம்பந்திகளுக்கும் ஒரு ரெசிஸ்டன்ஸை ஒட்டிவிட்டால் தேவலை... எந்தக் காலில் என்றுதான் தெரியவில்லை.