‘இல்லை’ என்ற கட்டத்தில் நான் போட்ட புள்ளடி

1. முதல் நாள்

யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் படிப்பித்தேன். அதில் லேசர் பற்றி ஒரு பாடம் வரும். கரண்ட் இல்லாத ஊரில் சிவப்புச் சோக்கட்டியால் ஒரு கோடு கீறி, “இதுதான் கற்றை” என்பேன். பிள்ளைகள் நம்பினார்கள். நானும் அதுவரை லேசரைக் கண்ணால் கண்டதில்லை என்று ஒருவருக்கும் சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஆக்லாந்துக்கு அகதியாக வந்து, ஹென்டர்சனில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஒரு மருத்துவ ஆய்வுகூடத்தில் டெக்னீசியன் வேலை கிடைத்தது. என் மேலாளர் டாக்டர் ரூத், கண் மருத்துவமும் மரபியலும் படித்தவர். அவர் ஆங்கிலத்தில் சொன்னதையெல்லாம் என் வாய்த்தமிழில் எழுதுகிறேன். மற்றவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

“ஆர்கன் லேசர். உமக்குப் பழக்கம்தானே?”

“யெஸ் மேடம்.”

“ரூத் எண்டு கூப்பிடும்.”

அவர் அந்தப் பக்கம் போனதும் சுவிட்சைப் போட்டேன். கருவி வீரிட்டுக் கத்தியது. ரூத் திரும்பி வந்து, “கூலிங் வாட்டரைத் திறக்கவேணும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். என் பொய் அவருக்கு அந்த நிமிடமே விளங்கியிருக்கும். அன்று பின்னேரம் நீலப்பச்சைக் கற்றை கண்ணாடியில் பட்டு நேராகப் போய் விழுந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பதினொரு வருடம் சொன்னதெல்லாம் உண்மைதான்!

எங்களிடம் இரண்டு லேசர்கள் இருந்தன. மேல்மாடி லேசர் கண்ணுக்குள் போய் விழித்திரையைப் புள்ளி புள்ளியாக வருடிப் படமாக்கும். கீழ்மாடி லேசர், சாயம் ஏற்றிய டிஎன்ஏ துண்டுகள் ஜெல்லில் ஓடும்போது அவற்றை ஒளிரவைத்து வாசிக்கும். ஒவ்வொரு காலையும் இரண்டின் கற்றையையும் நேராக்கி அலைன் பண்ணுவது என் வேலை. தமிழ் ஆட்கள் வந்தால் மொழிபெயர்ப்பதும் என் தலையில்தான்.

2. படிவம்

கிளென்ஃபீல்டிலிருந்து காந்தனும் யசோவும் தங்கள் மகனைக் கூட்டிவந்தார்கள். துவாரகனுக்கு ஏழு வயது. பொழுதுபட்டால் கதவிலும் கதிரையிலும் மோதுகிறான் என்றார்கள். படம் எடுத்தோம். பூச்சி அரித்த சேலை மாதிரி விழித்திரையின் ஓரம் வட்டம் வட்டமாக அழிந்திருந்தது.

ரூத் இரண்டு நோய்களைச் சந்தேகித்தார். ஒன்று தாயின் எக்ஸ் நிறமூர்த்தம் வழியாக ஆண்பிள்ளைக்கு வருவது. அதற்கு மருந்தில்லை, பார்வை மெல்ல மெல்லப் போய்விடும். மற்றது மிக அரிது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் ஒரே பழுது வந்தால்தான் பிள்ளைக்கு நோய் வரும். பெற்றோர் சொந்தக்காரர் என்றால் அதற்கு வாய்ப்புக் கூடும். அதனால்தான் படிவத்தில், பெற்றோர் இரத்த உறவினரா என்று ஒரு கேள்வி இருந்தது.

நான் மொழிபெயர்த்தேன். “நீங்கள் ரெண்டுபேரும் இரத்த உறவோ?”

காந்தனுக்குக் கோபம் வந்துவிட்டது. “என்ன அண்ணை கதைக்கிறியள்? இரத்த உறவெண்டால் கலியாணம் கட்டுவமே?”

எனக்கும் சிரிப்பு வந்தது. ‘இல்லை’ என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன். ரூத் அதைப் பார்த்துவிட்டு முதலாவது நோய்தான் என்று தேடத் தொடங்கினார். தாய்வழியாக வந்திருக்கும் என்று பெற்றோருக்கும் சொன்னோம்.

3. பழி

ஆக்லாந்தின் தெற்கே தகனினி என்ற இடத்தில் இருந்த யசோவின் தம்பியிடமும் இரத்தம் எடுத்தோம். அவர் பஸ் ஓட்டுகிறவர், கண் துல்லியம். மூன்று மாதம் கழித்து முடிவு வந்தது. துவாரகனின் எக்ஸ் நிறமூர்த்தத்தில் நாங்கள் சந்தேகித்த துண்டும் மாமனின் துண்டும் ஒன்றேதான். பழுது அதில் இருந்தால் மாமனும் மோதிக்கொண்டு திரியவேண்டுமே.

“உம்மட லேசர் பிசகியிருக்கு. இல்லாட்டி நீர் டியூப்பை மாத்திப்போட்டீர்” என்றார் ரூத்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கீழே போய் மூன்று தரம் அலைன் பண்ணினேன். புதிதாக ஜெல் வார்த்து மறுபடி ஓட்டினோம். அதே முடிவு.

“லேசர் சரி, ரூத்.”

“அப்ப குடும்ப மரம் பிழை. தாயைக் கூப்பிடும். முதலிலயிருந்து கேப்பம்.”

4. யசோ சொன்னது

யசோ தனியாக வந்தார். மெலிந்துபோயிருந்தார். ரூத் தாய்வழியைப் பற்றி மறுபடி கேட்க, நான் மொழிபெயர்த்து முடிக்கவில்லை, அவர் வெடித்துவிட்டார்.

“வீட்டில மாமியும் இதைத்தான் சொல்லுறா அண்ணை. உன்ர இரத்தம்தான் என்ர பேரன்ர கண்ணைத் தின்னுது எண்டு. என்ர அப்பாவோடயும் கதையில்லை. போன் வந்தால் எடுக்கமாட்டா. அவவுக்கு நான் பிறத்தியே? அவவின்ர கூடப்பிறந்த தம்பியின்ர பிள்ளை! என்ர இரத்தமெண்டால் அது அவவின்ர இரத்தமுந்தானே!”

அதை ஆங்கிலமாக்க வாய் திறந்தவன் அப்படியே நின்றேன்.

“என்ன சொல்லுறா?” என்றார் ரூத்.

“அவவின்ர மாமியார் அவவின்ர தகப்பன்ர சொந்த அக்கா.”

ரூத் பேனையை மேசையில் வைத்தார். “படிவத்தில இல்லை எண்டு கிடக்கு. ஆர் போட்டது?”

“நான்தான்.”

எங்களுக்குச் சித்தப்பா பிள்ளை, பெரியப்பா பிள்ளைதான் சகோதரம். மாமன் மகள் கட்டுகிற முறை. இரத்த உறவு என்றால் கட்டக்கூடாதவர்கள் என்றுதான் எங்கள் மண்டையில் பதிந்திருக்கிறது. என் மனைவியே என் மாமன் மகள். அந்தப் படிவத்தை என்னிடம் நீட்டியிருந்தால் எனக்கும் அதே கட்டத்தில்தான் புள்ளடி போட்டிருப்பேன். இதையெல்லாம் ரூத்துக்குத் திக்கித் திக்கிச் சொன்னேன்.

“மூண்டு மாதம்” என்றார் அவர். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அந்த மூன்று மாதத்தில் அந்தப் பிள்ளை எவ்வளவு பார்வையை இழந்திருப்பான் என்ற நினைப்பு வெகுநாள் என்னை விடவில்லை.

இரண்டாவது நோய்க்கு ஓர் இரத்தப் பரிசோதனை போதும். அந்த நோய் இருந்தால் ஓர்னிதீன் என்ற அமினோ அமிலம் இரத்தத்தில் ஏறியிருக்கும். சில நாளில் ரூத் கடதாசியோடு என் லேசர் அறைக்கே ஓடிவந்தார். எக்கச்சக்கமாக ஏறியிருந்தது.

“பி6 விட்டமின் குடுப்பம். சாப்பாட்டில புரதம் குறைக்கவேணும். சில பிள்ளைகளுக்கு இந்த மருந்து கேக்கும். யசோவிட்ட நீரே சொல்லும்.”

சொன்னேன். போனது திரும்பாது, இருக்கிறதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றேன். ரெண்டு பக்கமும் பாதிப் பாதி, தாயில் மட்டும் பழியில்லை என்றேன். படிவத்தில் பிழை விட்டது நான் என்பதையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

யசோ முகத்தைத் துடைத்தார். “அந்தப் பாதிப் பாதியை மட்டும் ஒருக்கால் மாமிக்கு விளங்கச் சொல்லுவியளோ?”

5. விளிம்பு

அதற்குப்பிறகு தமிழ்க் குடும்பங்களுக்கு நான் ஒரு தனித்தாள் வைத்திருந்தேன். அதில் இரத்த உறவா என்ற கேள்வியே இல்லை. “உங்கட மாமியார் கலியாணத்துக்கு முதல் உங்களுக்கு என்ன முறை?” என்று கேட்பேன். சிரித்துக்கொண்டு சரியான பதில் சொல்வார்கள். இதை வாசிக்கும் இளம் டெக்னீசியன்களே, லேசரைத் தினமும் சரிபார்க்கிறோம். நாங்கள் கேட்கும் கேள்வியையும் அப்படிச் சரிபார்க்கவேண்டும். எங்கள் ஆட்களைக் கேட்கிறபோதுதான் நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

ஒன்றரை வருடம் கழித்துத் துவாரகன் மறுபடி மேல்மாடி லேசர் முன்னால் கதிரையில் இருந்தான். சாப்பாட்டில் மீன் இல்லை, முட்டை இல்லை, பருப்பும் அளவோடுதான். பருப்பைத் தராசில் நிறுத்துப் போடுவது மாமிதானாம். புதுப்படத்தைப் பழைய படத்தின்மேல் வைத்தேன். அழிவின் விளிம்பு ஒரு மயிரளவும் நகரவில்லை. நான் நம்பவில்லை. மறுபடி அலைன் பண்ணி மறுபடி எடுத்தேன்.

ரூத் திரையில் மூக்கு முட்டக் குனிந்தார். “உம்மட லேசர் பிசகேல்லைத்தானே?”

“இல்லை, ரூத்.”

“கேன் ஐ கோ நவ், அங்கிள்?” என்றான் துவாரகன்.

வெளியே யசோவும் மாமியும் அடுத்தடுத்த கதிரையில் இருந்தார்கள். மாமி எழும்பி, “தம்பி, பொடியன்ர கண்?” என்று கேட்டார்.

“நிண்ட இடத்திலயே நிக்குது அம்மா. நகரேல்லை.”

அவர் யசோவின் கையைப் பிடித்தார்.

“வா பிள்ளை. வீட்ட போய்க் கொப்பருக்கு ஒரு போன் எடு. நான் என்ர தம்பியோட கதைக்கவேணும்.”