எங்கள் வாசலில் தேய்ந்த கற்கள்

பழவேற்காட்டில், கோட்டை அகழியை ஒட்டி எங்கள் வீடு. படுக்கிற இடம், சூளை, மண் மிதிக்கிற இடம் எல்லாம் ஒன்றாகவே கிடக்கும். வலையில் கட்டும் மண்குண்டுகளும் சட்டிகளும் செய்துகொண்டிருந்தேன். ஐந்தாவது வரை படித்தவன். புது ஆட்களைக் கண்டால் எனக்குப் பேச்சு வராது.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஊரின் பழைய வியாபாரக் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் வீட்டுக் கூடத்தில் அவருடைய தாத்தா காலத்துச் சிவப்புத் தரைக்கற்கள், ஒவ்வொன்றிலும் நாலிதழ்ப் பூ. ஆறு உடைந்துவிட்டன. மகளின் நிக்காவுக்குள் அதேபோல் செய்ய முடியுமா என்று கேட்டார். மாதிரிக்கு நல்ல கல் ஒன்றையும் பெயர்த்து வந்திருந்தார். தலையாட்டிவிட்டேன்.

முதல் சூளையில் நிறம் அப்படியே வந்தது. நாலாம் நாள் கற்களில் வெள்ளை வெள்ளையாகத் தெறித்துக் குழி விழுந்தது.

"இன்னாய்யா, உன் கல்லுக்கு அம்மை போட்டுக்கிச்சு" என்றாள் என் மனைவி.

சிரித்துக்கொண்டே குழியை விரலால் தடவியவளும் அவள்தான். சுண்ணாம்பு. சட்டிக்கு மேட்டு மண்தான் எடுப்பேன். நிறத்துக்கு ஆசைப்பட்டு ஏரிக்கரை மண்ணைக் கலந்தது என் தப்பு. அதிலிருந்த கிளிஞ்சல் துணுக்குகள் சூளையில் வெந்து, ஈரக்காற்று பட்டதும் வெடித்துவிட்டன.

மண்ணைக் கரைத்து, பழைய வேட்டியில் இரண்டு தரம் வடிகட்டி மறுபடி சுட்டோம். கைக்காவலுக்கு ஒன்று சேர்த்து ஏழு கற்கள். உடனே கொடுக்கவில்லை. ஈர மணலால் தேய்த்து, மாதிரிக் கல்லோடு எங்கள் வாசலிலேயே பதித்தேன். ஐப்பசி கார்த்திகை மழை முழுக்க நனையட்டும், சட்டி வாங்க வருகிறவர்கள் கால் பட்டுத் தேயட்டும் என்று. பழைய கற்களுக்கு நடுவே புதுசு துருத்திக்கொண்டு தெரிந்தால், செய்தும் பிரயோசனமில்லை.

பாய் இரண்டு முறை ஆள் அனுப்பினார். மழை விடட்டும் என்று சொல்லியனுப்பினேன். நிக்காவுக்குப் பத்து நாள் இருக்கும்போது அவரே வந்துவிட்டார். முடியாதென்றால் சிமெண்ட் பூசிக்கொள்கிறேன், மாதிரிக் கல்லையாவது கொடு என்றார். தரையைக் காட்டினேன்.

மனைவிதான் சொன்னாள். "அதுங்க மேலதான் பாய் நிக்கிறீங்க. உங்கள்து எதுன்னு நீங்களே பாத்து எடுத்துக்குங்க."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலால் தடவிப் பார்த்தார். குனிந்தும் பார்த்தார். பிறகு ஒன்றைக் காட்டினார். பெயர்த்துப் புரட்டினேன். அடியில் என் விரல் தடம். இன்னொன்றைக் காட்டினார். அதிலும் என் தடம்தான்.

"போதும்பா. என் கல்லு இங்கியே கெடக்கட்டும். உன்துல ஏழையும் குடு" என்றார்.

நிக்காவன்று அந்தக் கூடத்தில் எத்தனையோ பேர் நடந்தார்கள். ஒருவரும் கீழே பார்க்கவில்லை. நான் வாசலோரம் நின்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.