பதினேழாவது டேரன் ஆட்டம்

ஆர்லீன் பவ்லிக் கோல்ஃப் மட்டையை ஒருநாளும் ஒழுங்காகப் பிடித்ததில்லை. ஆனால் பிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளியிருக்கும் எங்கள் ஊரில், ஜூன் மாதம் இரண்டாவது சனிக்கிழமை என்றால் கோல்ஃப், கோல்ஃப் என்றால் ஆர்லீன். இறந்துபோன மகன் டேரனின் பெயரில் பதினேழு வருடமாக அந்த ஆட்டத்தை நடத்துகிறாள். நின்றுபோன இதயத்தை மின்சாரம் கொடுத்து ஓடவைக்கும் பெட்டிகளை அந்த வசூலில் வாங்கிப் பள்ளிகளிலும் மைதானங்களிலும் மாட்டுவார்கள். போன வருடம் அதில் ஒன்று ஒரு கூடைப்பந்து நடுவரைப் பிழைக்க வைத்தது. அந்த மனுஷன் இப்போது பூங்கொத்தோடு வந்து அவளை அன்னை மரியாள் ரேஞ்சுக்குப் புகழ்கிறான்.

நான் ஜெரி. பள்ளிக்கூடச் சமையலறையில் அவளோடு இருபத்திரண்டு வருடம் அடுப்படியில் நின்றவள். அவள் அன்னையும் இல்லை, மரியாளும் இல்லை. பட்டாணியைத் தொடாமல் தட்டை நீட்டும் பிள்ளையைக் கரண்டியோடு மேசைவரை துரத்துகிற பிடாரி. அவள் கணவன் ஸ்டான், டேரனுக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது ஃபுளோரிடாவுக்கு வேலை தேடிப் போனான். வேலை கிடைத்துவிட்டது. திரும்பி வர வழிதான் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அவளுக்கு எல்லாமே டேரன்தான்.

எங்கள் பக்கத்து நிதி திரட்டும் ஆட்டங்களில் யாரும் தனியாக ஆட முடியாது. டீமுக்கு நாலு பேர். நாலு பேரும் அடிப்பார்கள். எந்தப் பந்து நல்ல இடத்தில் விழுந்ததோ அங்கிருந்து நாலு பேரும் மறுபடி அடிப்பார்கள். அதனால் ஒருவன் வராவிட்டால் மற்ற மூவருக்கும் நாள் பாழ். காய்ச்சல் என்றாலும் மாத்திரை போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். ஒரு டீமை மூன்றாக்குவது, கல்யாணத்தன்று ஓடிப்போவதற்கு அடுத்த குற்றம் இங்கே.

பதினேழு வருடத்துக்கு முன்னால் தீயணைப்பு நிலையத்துக்காக அப்படி ஓர் ஆட்டம் வைத்திருந்தார்கள். டேரனுக்கு இருபத்தைந்து வயது. காலையில் சமையலறைக்கு வந்து, "அம்மா, நெஞ்சுல என்னமோ பண்ணுது. நான் வரலைன்னு மிட்ச்கிட்ட போன்ல சொல்லிட்டேன்" என்றிருக்கிறான். ஆர்லீன் முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ராத்திரி பீரை ஊத்திக்கிட்டா காலைல நெஞ்சு எரியத்தான் செய்யும். மூணு பேர் அங்க உன்னை நம்பி நிக்கிறாங்க. என் பிள்ளை ஒருத்தரை அம்போன்னு விட்டான்னு பேர் வரக்கூடாது. கிளம்பு."

அவன் கிளம்பினான். பதினொன்றாவது குழியருகே விழுந்தான். இதயத் தசை பிறந்ததிலிருந்தே தடித்திருந்ததாம், யாருக்கும் தெரியாமல்.

இதை ஆர்லீன் என்னிடம் மட்டும்தான் சொன்னாள், அடுத்த வருடம், பள்ளிக் குளிர்பதன அறையில் பால் பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு. "எல்லார்கிட்டயும் சொல்லிடறேன் ஜெரி" என்றாள்.

"வாயை மூடிக்கிட்டு இருடி. சொன்னா அவன் எழுந்து வந்துடுவானா?" என்றேன். நல்லது சொல்வதாகத்தான் நினைத்தேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

டேரனின் உயிர் நண்பன் மிட்ச். நால்வரில் ஒருவன். டேரன் போன அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆர்லீன் வீட்டுக்கு வந்து புல் வெட்டினான். பிறகு ஒரு ஞாயிறு தவறவில்லை. கோடையில் புல், குளிர்காலத்தில் பனி, நடுவில் ஒழுகும் குழாய். வேலை முடிந்ததும் அவள் முட்டைக்கோஸும் நூடுல்ஸும் வெண்ணெயில் வதக்கி வைப்பாள். இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே கால்பந்து பார்த்து டிவியைத் திட்டுவார்கள். "மிஸஸ் பி, உப்பு டப்பாவே உள்ள விழுந்துடுச்சா?" என்பான். "பிடிக்கலைன்னா கட்டிக்க ஒருத்தியைப் பாரு, அவ ஆக்கிப் போடுவா" என்பாள் இவள். அவன் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. நாற்பத்திரண்டு வயதுக்கு முகம் ரொம்பவே தொங்கிப் போயிருந்தது. நன்றாகக் குடித்தான்.

இந்த வருடம் ஆட்டம் முடிந்து, தீயணைப்பு நிலையக் கூடத்தில் விருந்து. சூடான சாசேஜ், உருளைக்கிழங்கு வைத்த பியரோகிக் கொழுக்கட்டை, ஊர்ப் பெண்கள் சுட்டுக்கொண்டு வந்த பிஸ்கட் ஒரு மேசை நிறைய. பதினேழு வருடம் இந்த ஆட்டத்துக்கு முதுகெலும்பாக நின்றதற்காக மிட்சுக்குக் கமிட்டி ஒரு கேடயம் செய்திருந்தது. கைதட்டலுக்கு நடுவே அவன் மைக் முன்னால் வந்தான். கேடயத்தைத் தொடவில்லை.

"இது எனக்கு வேணாம். அன்னைக்குக் காலைல நான்தான் டேரனுக்கு போன் பண்ணேன். உடம்பு சரியில்ல, வரலைன்னான். பொட்டச்சி மாதிரி அழாதடா, எங்களை மூணு பேரா நிக்க வெக்கப் போறியான்னு கத்தினேன். வரலைன்னு போனை வெச்சான். அப்புறம் பார்த்தா, வந்து நின்னான். நான் திட்டினதாலதான் வந்தான். நான்தான் அவனைக் கொன்னேன்."

எனக்குப் பக்கத்தில் நாற்காலி நகர்ந்தது. ஆர்லீன் எழுந்துவிட்டாள். அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"உக்காருடி. உன்னை யாரும் கேக்கல."

"விடு ஜெரி."

உதறிக்கொண்டு போனாள். மைக் எட்டவில்லை, அவனே வளைத்துக் கொடுத்தான். மகனிடம் அன்று என்ன சொன்னாள், முட்டைச் சட்டியைப் பார்த்துக்கொண்டே எப்படிச் சொன்னாள் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். "உனக்கு அவன் முடியாதுன்னுட்டான், மிட்ச். எனக்குத்தான் முடியாதுன்னு சொல்லத் தெரியல அவனுக்கு. நான்தான் அனுப்பினேன். நீ இல்ல."

யாரோ விசும்பினார்கள். முன்வரிசையில் இருந்த அந்த நடுவர் குனிந்து தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான். மிட்ச் அழவில்லை.

"மிஸஸ் பி, நான் உள்ளுக்குள்ள இப்படி நினைச்சுக்கிட்டு இருக்கேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

இல்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். ஊரே நம்பியிருக்கும், அவனும் நம்பியிருப்பான். சொல்லுடி, இல்லைன்னு சொல்லித் தொலை என்று நான் மனசுக்குள் கத்தினேன்.

"தெரியும்" என்றாள். "ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை ஆரம்பிச்சே. அன்னைக்குக் காலைல நான் போன் பண்ணப்போன்னு. சாப்பாடு ஆறுது, சாப்பிடுன்னு சொல்லிட்டேன்."

"ஏன்?"

"உண்மையைச் சொன்னா நீ வரமாட்டியேன்னு பயம்."

அவன் தலையை ஆட்டினான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி, மிஸஸ் பி" என்று மட்டும் சொல்லிவிட்டு, மேசைகளுக்கு நடுவே நடந்து வெளியே போனான். அவனுடைய பழைய டிரக் கிளம்பும் சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

ஊர் அவளை ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் அவள் வீட்டு வாசலில் கேக்கும் சுட்ட காசரோல் சட்டியுமாகக் கொண்டுவந்து வைத்தார்கள். அவள் ஒன்றையும் பிரிக்கவில்லை. அந்த ஞாயிறு மிட்ச் வரவில்லை. அடுத்த ஞாயிறும், அதற்கடுத்ததும்.

நாலாவது ஞாயிறு நான் போனேன். புல் கணுக்கால் உயரம் வளர்ந்திருந்தது. ஆர்லீன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் கடையில் மிட்சின் அக்காவைப் பார்த்தாளாம்.

"குடிக்கிறதை நிறுத்திட்டானாம். ராத்திரி தூங்குறானாம் ஜெரி. பதினேழு வருஷத்துல முதல் தடவையா விடிய விடியத் தூங்குறானாம்."

"நல்லதுதானேடி."

"நல்லதுதான்." முகத்தை ஏப்ரனால் அழுத்தித் துடைத்தாள். "டேரன் போன முதல் மாசத்துலயே மிட்ச்கிட்ட சொல்லியிருக்கலாம். அப்போ அவனும் இருபத்தஞ்சு வயசுப் பையன். கல்யாணம் பண்ணியிருப்பான், பிள்ளை குட்டி இருந்திருக்கும். ஞாயித்துக்கிழமை தனியா சாப்பிடணுமேங்கிறதுக்காக அவன் வாழ்க்கையையே தின்னுட்டேன்."

அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். வாயை மூடிக்கிட்டு இருடி என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தானே.

"அன்னைக்கு மட்டும்தான் பிள்ளையைச் சாகக் கொடுத்தேன்னு நினைச்சிட்டு இருந்தேன்" என்றாள். "இன்னொருத்தனை ஞாயித்துக்கு ஞாயிறு கொன்னிருக்கேன், சோறு போட்டுப் போட்டு."