பழம் இல்லை என்று நான் எழுதிய அட்டை

ஆஸ்திரேலியாவைப் பற்றி எங்கள் வீட்டில் யார் எதைத் தப்பாகச் சொன்னாலும் நான்தான் திருத்துவேன். எங்கள் மலையூர் பிரிஞ்சாங்கில் இத்தனை வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய வாய், சும்மா இருக்குமா? "பெர்த்துக்குத்தானே போறீங்க, அப்படியே சிட்னியில இருக்குற என் தங்கச்சியையும் ஒரு எட்டு பாத்துட்டு வந்துடுங்க லா" என்றார் எதிர்வீட்டு அக்கா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அக்கா, அது நாடு மட்டுமில்ல, ஒரு கண்டம். பெர்த்துலருந்து சிட்னிக்குப் பிளேன்ல போனாலே நாலு மணி நேரத்துக்கு மேல ஆவும்" என்றேன். ஜூன் மாதம் அங்கே குளிர்காலம், பெர்த்தில் மணி மட்டும் நம்ம ஊர் மணிதான். எல்லாம் எனக்கு அத்துப்படி.

இன்னொன்றும் தெரியும். நாலு பக்கமும் கடல் சூழ்ந்த இடம் என்பதால், வெளியூர்ப் பூச்சியோ பயிர்நோயோ உள்ளே வந்துவிடக் கூடாது என்று அவர்களுக்குப் பெரிய பயம். பழம், விதை, மண் எது கையில் இருந்தாலும் பிளேனில் கொடுக்கும் அட்டையில் உண்மையை எழுதிவிட வேண்டும். மறைத்தால் விசாவை ரத்து செய்து திருப்பி அனுப்பினாலும் அனுப்பிவிடுவார்கள்.

நாங்கள் ஊர் சுற்றப் போகவில்லை. எங்கள் ஒரே மகள் அங்கே நிறைமாதமாக இருந்தாள். முதல் பிள்ளை ஏழாம் மாதத்திலேயே போய்விட்டது. அன்று ஆஸ்பத்திரியில் அவள் தனியாகக் கிடந்தாள். மருமகனுக்குச் சுரங்கத்தில் வேலை, நினைத்த நேரத்தில் வர முடியாது. "இந்த வாட்டி நீ பக்கத்துல இருக்கணும் மா" என்று போனில் அழுதாள். அந்த அழுகை என் காதைவிட்டுப் போகவே இல்லை.

அதனால் என் கண்ணுக்கு என் வீட்டுக்காரர்தான் ஆபத்தாகத் தெரிந்தார். பக்கத்துக் கோலா தெர்லாவில் காய்கறி பயிர் போடுகிற மனுஷன். உடம்பெல்லாம் மண். அவர் காலில் போடுகிற சப்பாத்தின் அடியைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன். மகளுக்கென்று அவர் கட்டி வைத்திருந்த கறிவேப்பிலை, பூண்டு, மாங்காய் ஊறுகாய் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டேன். "ஏன் டீச்சர், என்னையும் கழுவிக் காயப்போட்டுத்தான் கூட்டிட்டுப் போவியா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிளம்புகிற காலையில் தேயிலைத் தோட்டத்து அம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு வண்டி ஏறினோம். ராத்திரிப் பிளேனில் இரண்டு பேருடைய அட்டையையும் நானே எழுதினேன். பழம்? இல்லை. விதை? இல்லை. மண்? இல்லை.

மறுநாள் காலை பெர்த்தில் இறங்கிப் போனைத் திறந்ததும் மகளின் செய்தி. "பனிக்குடம் உடைஞ்சிருச்சு மா. பக்கத்து வீட்டுக்காரங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாங்க. சீக்கிரம் வா." முன்னால் நீளமான வரிசை, நகரவே மாட்டேன் என்றது.

கடைசித் தடுப்புக்குப் பத்தடி இருக்கும்போது, மோப்ப நாய் ஒன்று என் வீட்டுக்காரர் தோளில் தொங்கிய பையை முகர்ந்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. "என்னத்த ஒளிச்சு வச்சீங்க? சொன்னா கேக்கவே மாட்டீங்களா?" அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். "நான் ஒண்ணும் வைக்கல லா" என்றார் பாவம், முகம் வெளுத்துப்போய்.

அதிகாரி பையைத் திறந்தார். பக்கவாட்டு ஜிப்பிலிருந்து குங்குமம் அப்பிய ஒரு எலுமிச்சம்பழம் வந்தது.

ஐயோ, அது நான் வைத்தது! முந்தின நாள் காலையில் அம்மன் காலடியிலிருந்து எடுத்துப் பூசாரி என் உள்ளங்கையில் வைத்தார். மலை இறங்குகிற யாருக்கும் எங்கள் தோட்டத்தில் அதைக் கொடுக்காமல் அனுப்புவதில்லை. கும்பிட்டு அவர் பைக்குள் போட்டேன். அதை நாங்கள் அறுப்பதுமில்லை, பிழிவதுமில்லை. அது வழித்துணை. அதையும் பழம் என்று எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"யாருடையது?" என்று அதிகாரி கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், தெரிந்த நாலு இங்கிலீஷ் வார்த்தையில் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "மை லெமன். வைஃப் நோ நோ." பிறகு என் பக்கம் திரும்பாமலே, "நீ போ. புள்ள காத்துக்கிட்டு இருக்கு" என்றார்.

நான் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. போய்விட்டேன். வாசலில் ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். ஓர் அறைக் கதவுக்கு முன்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் நாலு மணிக்குப் பேத்தி பிறந்தாள். மகளின் கை என் கைக்குள்தான் இருந்தது. குழந்தை வீறிட்டதும் அழுதேன், சிரித்தேன். ஆனாலும் அவரை அடுத்த பிளேனில் ஏற்றிவிட்டார்களோ என்று பயந்து போன் போட்டுக்கொண்டே இருந்தேன். பதில் இல்லை.

இருட்டுகிற நேரத்துக்கு வந்து சேர்ந்தார். எச்சரிக்கைக் கடிதம் ஒன்றைக் கொடுத்து விட்டுவிட்டார்களாம். மகள் படுத்தபடியே கோபித்துக்கொண்டாள். "ஏம்ப்பா, அம்மா படிச்சுப் படிச்சு சொல்லியிருப்பாங்களே. அவங்க சொன்னா கேக்கவே மாட்டீங்களா?" அவர் குழந்தையைப் பார்த்துக்கொண்டே, "தப்புதான் மா. அம்மா சொன்னதைக் கேட்டிருக்கணும்" என்றார்.

நான் குழந்தையின் போர்வையைச் சரிசெய்தேன்.

பேத்திக்கு இப்போது மூன்று வயது. தாத்தா எலுமிச்சம்பழத்தை ஒளித்துக் கொண்டுவந்து மாட்டிக்கொண்ட கதையை வருகிறவர்களுக்கெல்லாம் மகள் சொல்கிறாள். அவரும் கூடச் சேர்ந்து சிரிக்கிறார். யார் எதைத் தப்பாகச் சொன்னாலும் திருத்துகிற நான், இதை மட்டும் இன்னும் திருத்தவில்லை.