சாமி படத்தோடு சேர்ந்துவிட்ட சிகிச்சைத் திட்டம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, திருப்பதியில் சமூகப் பணிப் படிப்பை முடித்த சூட்டோடு அங்கேயே ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். என்னிடம் தனியாக ஒப்படைத்த முதல் ஆள், சித்தூரைத் தாண்டித் தமிழக எல்லையோரம் இருக்கும் குடிபாலா பக்கத்துக் கிராமத்துப் பெண். கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், கடும் மனச்சோர்வில் இரண்டு மாதமாகப் பாயை விட்டு எழவில்லை. மாத்திரை ஆரம்பித்தாயிற்று. வீட்டிலேயே கொஞ்சம் நடமாட வைக்க முடியாவிட்டால் அட்மிட் செய்ய வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவர் கணவர் கலங்கிப்போனார்.

எனக்கோ உற்சாகத்தில் தலைகால் புரியவில்லை! ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து திட்டம் போட்டேன். காலை நடை, மூச்சுப் பயிற்சி, மகளிர் குழுக் கூட்டம், தையல் வகுப்பு என்று பன்னிரண்டு இலக்குகள். வீட்டில் பேசுவது தமிழ் என்றாலும் அவர் பள்ளியில் படித்தது தெலுங்கில் என்பதால், கலர் பேனாவில் கட்டம் கட்டித் தெலுங்கிலேயே எழுதினேன். வீட்டுக்குப் போய் ஒவ்வொன்றாக வாசித்தேன். பன்னிரண்டுக்கும் "சரி மேடம்" என்றார். பஸ்ஸில் திரும்பும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த வாரம் போனால், என் திட்டம் சாமி படங்களுக்கு நடுவே மஞ்சள் குங்குமத்தோடு இருக்கிறது. அவர் அதே பாயில்.

"திருப்பதியிலேர்ந்து வந்த காயிதம் மேடம், கீய போட்டு வெக்கலாமா?" என்றார் கணவர்.

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஃபைலோடு யார் வந்தாலும் எல்லாவற்றுக்கும் தலையாட்டி அனுப்புவது, நானும் பிறந்து வளர்ந்த இந்தப் பக்கத்து வழக்கம். எங்கள் வீட்டிலேயே அப்படித்தான். அது தெரிந்தும் ஏமாந்தேனே!

பாய் ஓரமாக உட்கார்ந்து, இந்த முறை கேள்வியை மாற்றினேன். இதில் எதெல்லாம் முடியாது?

அவர் முந்தானையைத் தலையிலிருந்து விலக்கினார். "இத்தினி சிக்கை வெச்சிக்கினு நான் எப்படி மேடம் வெளிய வர்றது?"

முடி முழுக்கச் சடைபிடித்துக் கிடந்தது. முதல் தடவை வந்தபோது இதை நான் பார்க்கவே இல்லை. வெட்கமாக இருந்தது.

காகிதத்தை எடுத்துத் தரச் சொல்லி, பன்னிரண்டையும் அடித்துவிட்டு ஒரே வரி எழுதினேன்: தலையில் சிக்கு எடுப்பது. கணவர் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தார். நுனியிலிருந்து பிரித்துப் பிரித்து, இரண்டு மணி நேரம் ஆனது. பாதி முடியை வெட்ட வேண்டியிருந்தது. தயங்கித் தயங்கித்தான் கேட்டேன்.

"போனா போவுது மேடம், வளரும்" என்றார்.

வளரும்! இனி வரப்போகும் ஒன்றைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. எனக்கு எழுந்து குதிக்க வேண்டும் போலிருந்தது.

பத்து நாள் கழித்து, மருத்துவமனை வரிசையில் பின்னல் போட்டுக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அடையாளம் தெரிய ஒரு நிமிடம் ஆனது. சித்தூரில் பஸ் மாறித் தனியாக வந்திருக்கிறார்! கையில் அதே காகிதம். என் வரிக்குக் கீழே அவருடைய கோணல் எழுத்தில் இன்னொரு வரி: பஸ்ஸில் தனியாகப் போவது.

"போய்ட்டு வந்துட்டேன் மேடம், டிக்கு போடுங்க."

நான் போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது. அட்மிட் பேச்சு அன்றோடு நின்றது. அவர் முழுதாகத் தேற இன்னும் பல மாதங்கள் ஆயின, மாத்திரையும் தொடர்ந்தது.

இப்போதும் புது ஃபைல் திறந்தால் வாய் நிறையத் திட்டங்கள் முட்டிக்கொண்டுதான் வருகின்றன. அவற்றை விழுங்கிவிட்டு, பேனாவை எதிரில் இருப்பவர் பக்கம் நகர்த்திவிட்டுக் காத்திருக்கிறேன்.