நிலவறையில் இரண்டு புட்டிகள்

எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டி மொர்வான் குடும்பத்தார் கட்டியிருந்ததை ஊர் ‘கோட்டை வூடு’ என்றது. பிரான்சில் அவர்களுடைய பரம்பரைக் கோட்டைக்கு அடியில் வியாதி தீர்க்கும் சுனை ஒன்று உண்டாம். வியாபாரத்துக்கு வந்த பாட்டன் இங்கேயும் துரு வாடை அடிக்கும் ஒரு சுனையைக் கண்டதும், பித்துப் பிடித்தவர்போல அதே கோபுரம், அதே நிலவறை என்று எழுப்பிவிட்டார். தண்ணீரைப் புட்டியில் அடைத்து விற்றார்கள். புட்டி கழுவ வந்தவள்தான் பூவம்மா.

அந்தக் குடும்பத்துக்கு ஒரு வழக்கம். பிள்ளை பிறந்தால் சுனைநீரை ஒரு புட்டியில் பிடித்து, அரக்கு வைத்து, நிலவறைப் பலகையில் வைப்பார்கள். ஆள் செத்ததும் அதைச் சுனையிலேயே கொட்டிவிட வேண்டும். கொட்டாவிட்டால் உயிர் போக்கிடம் இல்லாமல் அலையுமாம். வெள்ளைக்காரருக்கும் இந்தக் கிறுக்கெல்லாம் உண்டு.

வேலை நடுவே அங்கேயே வலி கண்டு பூவம்மாவுக்குக் குணசேகரன் பிறந்தான். கடைசி வாரிசான எல்சி துரைசானி கேட்காமலே அவனுக்கும் ஒரு புட்டி பிடித்து வைத்தாள்.

“எம் புள்ளைக்கு இன்னாத்துக்கும்மா இது?” என்று பதறினாள் பூவம்மா.

“இங்க பொறந்தான்ல? இவனும் நம்ம வூட்டுப் புள்ளதான்.” துரைசானி வழக்கம்போல மோதிர விரலால் டம்ளர் விளிம்பை இரண்டு தட்டு தட்டிவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

புருஷனை இழந்தவளுக்கு அந்த மகன்தான் எல்லாம். அவன் வளர்ந்து துறைமுகத்தில் சரக்குப் படகு ஏறியதிலிருந்து, தினமும் அவன் புட்டியைப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடுவாள். இடப்பக்கம் மகன், வலப்பக்கம் துரைசானி. எழுத்து தெரியாதவளுக்கு இடம்தான் அடையாளம்.

1931 மார்கழியில் ஒரு நடுப்பகலில் துரைசானி கண்ணை மூடினாள். பூவம்மா அழுதபடி வலப்பக்கப் புட்டியின் அரக்கை உடைத்துச் சுனையில் கவிழ்த்தாள். கடைசிச் சொட்டு விழும்போதுதான் அது நினைவுக்கு வந்தது. கிறிஸ்துமஸ் வருகிறதே என்று முந்தாநாள் பலகையைத் துடைத்தவள், கழுவிய புட்டிகளை அடுக்கும் கைப்பழக்கத்தில் குட்டையை இடப்பக்கமும் நெட்டையை வலப்பக்கமும் வைத்திருந்தாள். நெட்டை யாருடையது? உயரத்தை அவள் ஒருநாளும் பார்த்ததில்லையே!

சுனையில் கைவிட்டு அள்ளினாள். எந்தத் தண்ணீரென்று அள்ளுவாள், பாவம்.

பொழுது சாயக் குணசேகரனைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தான் கூட்டாளி வேம்பு. “படகு கவுந்துட்ச்சி, ஆயா. மூச்சே இல்ல, துணியப் போத்திட்டோம். திடீர்னு எய்ந்து குந்திக்கினான்!”

பூவம்மா மகனைக் கட்டிக்கொண்டு கதறினாள். தண்ணீர் மொண்டு நீட்டினாள். அவன் டம்ளரை வாங்கி, மோதிரமில்லாத விரலால் விளிம்பை இரண்டு தட்டு தட்டினான்.

மிச்சமிருந்த புட்டியை அவள் வீட்டுக்கு எடுத்துவந்து அரிசிப்பானைக்குள் புதைத்தாள். அதைக் கொட்டினால் துரைசானிக்கு வழி கிடைத்துவிடும். ஆனால் மகனென்று கூப்பிட ஓர் உடம்பு இருக்காது. சாகும்வரை அவள் அதைக் கொட்டவில்லை. வேளாவேளைக்கு அந்த இரண்டு தட்டைக் கேட்டுக்கொண்டே சோறு போட்டாள்.