கையிலிருந்து வாங்கிய குண்டு

"உடம்புக்கு நல்லதுதான், போட்டியெல்லாம் எதுக்கு?" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். வயதாகிவிட்டது, ரத்தக் கொதிப்பு மாத்திரை வேறு. இருந்தாலும் வரும்.

எண்பதுகளின் தொடக்கத்தில், ரஷ்யர்களோடு கூட்டு வைத்திருந்த ஓர் அரசு நிறுவனத்தின் டெல்லி அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். அங்கே வந்திருந்த ரஷ்ய இன்ஜினியர்கள் எங்கள் மனமகிழ் மன்றத்தில் கெட்டில்பெல் குண்டுகளைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். தலையில் கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு. முதல் முறை பார்த்தபோது ஏதோ பெரிய அலிகார் பூட்டு என்றுதான் நினைத்தேன். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு முதுகுவலியால் நாற்காலியில் உட்காரவே முடியவில்லை. டாக்டர் ஏதாவது பயிற்சி செய்யச் சொன்னார். சாப்பாட்டு இடைவேளையில் இருப்பதிலேயே சின்னக் குண்டை எடுத்து ஆட்டத் தொடங்கினேன். மூச்சு வாங்கினால் கீழே வைப்பேன், தண்ணீர் குடிப்பேன், மறுபடி எடுப்பேன். சில மாதங்களில் வலி போன இடம் தெரியவில்லை. உடம்புக்காகச் செய்வதை நான் மட்டம் தட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

ஆனால் அந்த இன்ஜினியர்கள் தங்களுக்குள் போட்டி வைத்துக்கொண்டதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. முழங்கால்களுக்கு நடுவிலிருந்து குண்டை ஒரே வீச்சில் தலைக்கு மேலே கொண்டுபோக வேண்டும். மேலே அது அசையாமல் நின்றால்தான் நடுவர் எண்ணுவார். ஒரே ஒரு முறைதான் கை மாற்றலாம். கீழே வைத்தால் அதோடு சரி, ஆட்டம் முடிந்தது. உடம்புக்குச் செய்கிறவர் களைப்பதற்காகவே செய்கிறார். போட்டிக்குத் தூக்குகிறவர் களைக்காமல் இருக்க வழி பார்க்க வேண்டும். பிடியை எங்கே தளர்த்துவது, மூச்சை எங்கே விடுவது, மேலே நிற்கும் அந்தக் கணத்தில் எப்படி ஓய்வெடுப்பது என்று எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துப் பழகினேன். உள்ளங்கை கொப்பளித்து, உரிந்து, காய்த்துப்போனது.

ஆண்டு விழாவில் நானும் போட்டியில் கலந்துகொள்கிறேன் என்றேன். மன்றச் செயலாளர் சிரித்தார். பெண்களுக்குப் போட்டி கிடையாதாம். நான் விடவில்லை. தினம் போய் அவர் மேசை முன்னால் நின்றேன். கடைசியில், ஆண்கள் முடித்த பிறகு ஒரு தடவை செய்துகாட்டு, இரண்டு கையிலும் முறையாக முடித்தால் அடுத்த வருஷம் பெண்களுக்கும் போட்டி என்று ஒத்துக்கொண்டார். டைப்பிங் பிரிவிலிருந்த பெண்களெல்லாம் ஆளுக்கு ஒரு குண்டை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

விழாவுக்கு என் கணவரும் வந்திருந்தார். மத்திய அரசு குமாஸ்தா, திருநெல்வேலிக்காரர், அதட்டிப் பேசத் தெரியாதவர். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் சல்வார் கமீஸில் மேடை ஏறியதும் ஒரே சலசலப்பு. நடுவராக இருந்த ரஷ்யர் தனக்குத் தெரிந்த இந்தியில் "ஏக், தோ" என்று எண்ணத் தொடங்கினார். அவருடைய உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தவர்கள் மெல்ல அடங்கினார்கள். இடது கையில் வேண்டிய மட்டும் தூக்கினேன். அவசரமில்லாமல் வலதுக்கு மாற்றினேன். முகமெல்லாம் வேர்வை, உள்ளங்கை எரிந்தது. ஆனால் குண்டு மேலே போய் நின்றது, நடுவரும் எண்ணிக்கொண்டே இருந்தார். எனக்கு இன்னும் தெம்பு இருந்தது. அது எனக்குத் தெரியும்.

அப்போதுதான் என் கணவர் மேடைக்கு ஏறி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"போதும்ளா. கை பிஞ்சிரும். குடு இங்கன."

"தொடாதீங்க."

தொட்டார். குண்டு கீழே வந்த நேரத்தில் இரண்டு கையாலும் பிடித்து, என்னிடமிருந்து வாங்கித் தரையில் வைத்துவிட்டார். நடுவர் எண்ணுவதை நிறுத்தினார்.

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். ஜெயித்த ஆணுக்குக்கூட அவ்வளவு விழவில்லை. செயலாளர் ஓடிவந்து என் கணவரைக் கட்டிக்கொண்டார், கணவன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று மைக்கில் சொன்னார். பிறர் கை பட்டதால் இது செல்லாது என்று நடுவர் சொன்னதை மொழிபெயர்த்தவர் குரல் யார் காதிலும் விழவில்லை. அடுத்த வருஷம் பெண்களுக்கும் குண்டு கொடுத்தார்கள். போட்டிக்கு அல்ல, உடம்புக்கு. பக்கத்தில் ஆளுக்கொரு நாற்காலி, எலுமிச்சை சர்பத். நான் போகவில்லை.

என் கணவர் பயந்தது நிஜம்தான். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. பயந்தால் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து பயந்திருக்கலாமே! என் கை பிய்ந்தால் அது என் கை. அன்றைக்கு வீடு திரும்பும்போது பஸ்ஸில் வழி நெடுக அவர் என் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அப்போது லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் இரண்டாவது மாடியில் இருந்தோம். கோடையில் குழாய்த் தண்ணீர் அவ்வளவு உயரம் ஏறாது. விடிந்ததும் கீழே போய்ப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். விழாவுக்கு மறுநாள் காலையும் பிடித்தேன். இரண்டு கையிலும் இரும்பு வாளி, தளும்பத் தளும்பத் தண்ணீர். இரண்டும் சேர்ந்தால் மேடையில் தூக்கிய குண்டைவிடக் கனம். படியில் எங்கேயும் கீழே வைக்கவில்லை, கை மாற்றவும் வழியில்லை. மேல்படியில் காற்றுக்காக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர், நான் வருவதைப் பார்த்துவிட்டு, கால்களை மடக்கி வழிவிட்டார்.